சனிக்கிழமை டேட்டா கிளாஸ்: மணிலா கார்டா, கவர்மெண்டு வெப்சைட்டா, காசு கட்டி கோர்ஸா?

போன மாசத்துல இருந்து மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்வியத்தான் கேக்கறாங்க. மலேசியாவுல பேராக் மாநிலத்துல லிந்தாங் பக்கம் கோயில் இளைஞர் பிரிவுல இருக்கற ஒரு தங்கச்சி, தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்கற ஒரு அண்ணன், அப்பறம் ஈப்போல வேலை செஞ்சிட்டு வாரக்கடைசியில தோட்டத்துக்கு வந்து டியூஷன் எடுக்கற ஒரு தம்பி. "பிள்ளைங்களுக்கு டேட்டா சொல்லிக் குடுக்கணும் அக்கா, எங்க அநியாயம் நடக்குதுன்னு அவங்களே கணக்கு எடுத்துக் காட்டற மாதிரி, ஆனா எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியல" இதுதான் கேள்வி. வாட்சப்புல ஆளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பறதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதிடறேன்.

நான் சுங்கை சிப்புட்ல கோயில் மண்டபத்துல சனிக்கிழமை கிளாஸ் எடுக்கறேன், 2022ல ஆரம்பிச்சது, இடைநிலைப்பள்ளியில படிவம் 1ல இருந்து 3 வரைக்கும் உள்ள பிள்ளைங்க, ஒரு வாரம் 9 பேர் வருவாங்க, மறுவாரம் 17 பேர் வருவாங்க. தலைப்புல இருக்கற மூணு, அதோட வாட்சப்புல வர்ற கிராஃப்பப் படிக்கறது, இந்த நாலு வழியையும் செஞ்சு பாத்துட்டேன், அதனால தைரியமா சொல்றேன்.

ஆனா அதுக்கு முன்னால எங்க அம்மாவப் பத்தி ஒண்ணு சொல்லணும். அம்மா பால்மரம் வெட்டுனவங்க. காலையில பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க, கிராணி (தோட்டத்து கிளார்க்கு) செக்ரோல்ல, அதாவது வருகைப் புக்குல, குறிப்பாரு, மத்தியானம் ஸ்டோர்ல பால நிறுத்து எழுதுவாரு, மாசக் கடைசியில அந்த புக்குல என்ன இருக்கோ அதான் சம்பளம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அடுப்பங்கரை சுவத்துல தெனமும் ஒரு கரிக்கோடு போடுவாங்க, அஞ்சு கோடு ஆனா குறுக்க ஒண்ணு. ஒரு மாசம் சம்பளச் சீட்டுல ரெண்டு நாள் கொறஞ்சிருந்துச்சு, பக்கத்து வீட்டு அக்காவ கூட்டிட்டு வந்து சுவத்தக் காட்டி எண்ண வச்சு, அவங்களையே சாட்சியா கூட்டிட்டு ஆபிசுக்குப் போனாங்க. ரெண்டு நாள் திரும்பி வந்துச்சு. டேட்டான்னு யாராச்சும் பேசுனா எனக்கு முதல்ல அந்தச் சுவருதான் ஞாபகத்துக்கு வரும். தோட்டத்துல எண்ணிக்கைக்குப் பஞ்சமே இருந்ததில்ல, பென்சில் யார் கையில இருந்துச்சுங்கறதுதான் விஷயம்.

## எத வச்சு அளக்கறது

எந்த வழிய எடுத்தாலும் நான் அஞ்சு கேள்வி கேப்பேன்.

கேள்வி யாரோடது, பிள்ளைங்களோடதா இல்ல வெளிய இருந்து வந்ததா? செலவு எவ்வளவு, அதுல கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன (பெட்ரோல், போன் டேட்டா, உங்க ஞாயித்துக்கிழமை எல்லாம் சேத்து)? இதனால யாருக்காச்சும் வம்பு வருமா? எந்த மொழியில இருக்கு, ஏன்னா தமிழ்ப்பள்ளியில இருந்து படிவம் 1க்குப் போன பிள்ளைக்கு ஏற்கனவே எல்லாப் பாடமும் மலாய்க்கு மாறி மூச்சு முட்டிட்டு இருக்கும். கடைசியா, நீங்க ஆறு மாசம் வர முடியாம போனா அது தொடர்ந்து ஓடுமா?

மூணாவது கேள்விய ரொம்பப் பேரு கேக்கறதே இல்ல. எனக்கு அதுதான் பெருசு, ஏன்னு கீழ வரும்.

## 1. நாமளே போய் எண்றது: பேப்பர், பென்சில், மணிலா கார்டு

செலவு ஒண்ணுமே இல்லன்னு சொல்லலாம், மணிலா கார்டு (கெட்டியான பெரிய அட்டை), மார்க்கர் பேனா, ரூலர். பெருமையான வரலாறும் உண்டு: 1900ல பாரிஸ் கண்காட்சிக்கு டூ பாய்ஸ்ங்கற கறுப்பின அறிஞர் அட்லாண்டாவுல தன்னோட மாணவர்களோட சேந்து ஜோர்ஜியா மாநிலத்துக் கறுப்பு மக்களோட நிலம், படிப்பு, வேலை எல்லாத்தையும் கையாலயே கலர் கலரா வரைஞ்சு கொண்டுபோய் வச்சாரு. கம்ப்யூட்டர் இல்லாத காலம். அந்தப் படங்கள பிள்ளைங்களுக்குக் காட்டுனா கண்ணு விரியும், "கையாலயா டீச்சர்"னு நம்ப மாட்டாங்க.

எங்க முதல் வேலை தெருவிளக்கு. தோட்டத் தொழிலாளிங்க இருந்த பழைய லைன் வீட்ட ஒடச்சிட்டு வந்த எங்க தாமான்ல (குடியிருப்புல) பொண்ணுங்க டியூஷன் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு நடந்து வரணும், இருட்டு. பெரிய ரோட்டு ஓரம் புதுசா வந்த தாமான்ல பகல் மாதிரி இருக்கும். சரி எண்ணலாம்னு கெளம்பிட்டோம், நாலு நாலு பேரா, கூட ஒரு அம்மா, டார்ச்லைட்டு. அங்க 41 கம்பத்துல 38 எரியுது. இங்க 26ல 11. பிள்ளைங்க பெரிய மஞ்சள் வட்டமும் கறுப்பு வட்டமுமா மணிலா கார்டுல ஒட்டுனாங்க, பாத்தா யாருக்கும் விளக்கமே தேவையில்ல.

லெட்டர் எழுதிக் கொண்டுபோனோம். சம்பந்தப்பட்ட ஆபிசுல இருந்தவரு மரியாதையாதான் பேசுனாரு, ஆனா முதல் கேள்வியே "கம்பத்து நம்பர் என்ன?" ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. ஒவ்வொரு கம்பத்துலயும் நம்பர் இருக்கும், நாங்க மேல விளக்கையே பாத்துட்டு வந்துட்டோம். மறுபடியும் போனோம், இந்தத் தடவை படிவம் 2 படிக்கற ஒரு பொண்ணு நோட்டுல கோடு கிழிச்சு நாலு காலம் (column) போட்டா: கம்பத்து நம்பர், எரியுதா, எந்த வீட்டுக்கு எதிர, எந்தத் தேதி. எரியாத 15ல 9 ரெண்டு மாசத்துல எரிஞ்சுச்சு. மிச்ச ஆறுக்கு இன்னும் லெட்டர் போய்ட்டு இருக்கு. கேக்கறவனுக்கு எந்த வடிவத்துல வேணுமோ அந்த வடிவத்துல எண்ணணுங்கறத பிள்ளைங்க அந்த ஆபிஸ் கவுண்டர்லதான் கத்துக்கிட்டாங்க.

இப்ப மறைவான செலவு. விளக்கு நல்லா போச்சேன்னு அடுத்து வீட்டுக் கணக்கெடுப்புக்குப் போனோம், அது என் தப்பு. எத்தனை பேர், யார் வேலை செய்யறா, வருமானம், எல்லாருக்கும் ஐசி (அடையாள அட்டை) இருக்கா, இப்படி ஒரு பாரம். மூணாவது வீட்டுல ஒரு பாட்டி நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்தவங்க, "ஐசி"ன்ன வார்த்தையக் கேட்டதும் எழுந்து கிரில் கதவச் சாத்திட்டாங்க. வளக்கற பேரப்பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் சரியா இல்ல. கேக்கப் போன பையன் அதே பிள்ளையோட கிளாஸ்ல படிக்கறவன்! 34 வீடு உள்ள எடத்துல பேர எழுதாம விட்டாலும் "நாலு பிள்ளைங்க, அப்பா இல்ல, ஆயா வளக்கறாங்க"ன்னு எழுதுனாலே யாருன்னு ஊருக்கே தெரியும். அன்னிக்கே பாரத்த எல்லாம் கிழிச்சோம், நான் நேராப் போய் பாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டேன், கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போகவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010னு ஒண்ணு இருக்கே, அது பாத்துக்காதான்னு கேக்கலாம். அந்தச் சட்டம் வியாபார விவகாரத்துக்குத்தான், மத்திய மாநில அரசாங்கத்தையே அது கட்டாது, கோயில் மண்டபத்து கிளாஸையும் கட்டாது. அதனால கட்டுப்பாட்ட நாமதான் போட்டுக்கணும். எங்க விதி இப்ப இதுதான்: பொருள எண்ணு, ஆள எண்ணாத. விளக்கு, குழி, பஸ், குப்பை லாரி, தண்ணி நின்ன நேரம் எல்லாம் எண்ணலாம். சம்பளம், ஐசி, வியாதி மூணும் வேணாம்.

## 2. அரசாங்க டேட்டா: ஓப்பன்டோசம், கவாசான்கூ

புள்ளிவிவர இலாகாவோட ஓப்பன்டோசம், அப்பறம் டேட்டா டாட் கவ் டாட் மை, ரெண்டும் இலவசம், நல்லா செஞ்சிருக்காங்க, பாராட்டணும். கவாசான்கூங்கற அவங்க பக்கத்துல நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வாரியா பாக்கலாம், பிள்ளைங்க சுங்கை சிப்புட்ட தட்டி ஜாலோங், லிந்தாங் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறப்ப "நம்ம எடம் டீச்சர்"னு குதிப்பாங்க.

இதுல சொல்லிக் குடுக்க வேண்டிய முதல் விஷயம் சராசரி. நான் போர்டுல ஏழு வீட்டு வருமானம் எழுதுவேன், கற்பனை வீடுதான்: 1,500, 1,700, 1,700, 1,800, 2,100, 2,400, கடைசியா ஒரு கண்ட்ராக்டர் வீடு 14,000. கூட்டி வகுத்தா சராசரி 3,600 வெள்ளி (ரிங்கிட்). ஆனா வரிசையா நிக்க வச்சு நடுவுல நிக்கறவரப் பாத்தா 1,800, அதான் நடுமதிப்பு. ஏழுல ஆறு வீடு சராசரிக்குக் கீழ. இது புரிஞ்சதும் நாட்டுக் கணக்கக் காட்டுவேன், 2019ல மலேசியக் குடும்ப வருமானத்தோட சராசரி 7,901 வெள்ளி, நடுமதிப்பு 5,873. ஏன் ரெண்டாயிரம் வித்தியாசம்னு அவங்களே சொல்லிடுவாங்க.

அப்பறம்தான் கஷ்டமான எடம். அதே 2019ல இந்தியர் குடும்பங்களோட நடுமதிப்பு 5,981, அதாவது நாட்டு நடுமதிப்ப விடக் கொஞ்சம் கூட. "அப்ப நாம நல்லாதான் இருக்கமா டீச்சர்?"னு ஒரு பையன் கேட்டான், அவங்கப்பா செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டறவரு. அன்னிக்கு முழு கிளாஸும் அந்த ஒரு கேள்விலயே போச்சு. கோலாலம்பூர்ல வசதியான பங்சார்ல இருக்கற வக்கீலும் தோட்டத்துல குலை வெட்டறவரும் ஒரே "இந்தியர்"ங்கற பெட்டிக்குள்ள, பெட்டிய எப்படிப் பிரிக்கறமோ அப்படித்தான் பதில் வரும். கவாசான்கூ கூட தொகுதியோட நிக்கும், எங்க தொகுதியில டவுன் இருக்கு, சீனப் புதுக்கிராமம் இருக்கு, ஒராங் அஸ்லி (பழங்குடி) கிராமங்க இருக்கு, மிச்சமிருக்கற தோட்டம் இருக்கு, எல்லாத்தையும் கலக்கி ஒரு நம்பர்.

இன்னொண்ணு, வறுமைக் கோடு. இதுக்கு மேல ஒரு பாடம் கிடைக்காது. பழைய கோடு மாசம் 980 வெள்ளி, அத வச்சுப் பாத்தா 2016ல நாட்டுல 0.4 விழுக்காட்டுக் குடும்பம்தான் ஏழை. 2019 ஆகஸ்ட்டுல ஐநாவோட வறுமை நிபுணர் பிலிப் அல்ஸ்டன் வந்து பாத்துட்டு அந்தக் கோடு நெசத்துக்கு ஒத்து வரலன்னு வெளிப்படையாவே சொன்னாரு. 2020ல அரசாங்கம் கோட்ட 2,208க்கு மாத்துச்சு. புது முறையில அதே 2016அ திரும்பக் கணக்குப் போட்டா 7.6 விழுக்காடு. அதே வருஷம், அதே குடும்பங்க, ஒருத்தர் சட்டைப் பையிலயும் ஒரு காசு கூடவும் இல்ல கொறையவும் இல்ல, ஆனா 0.4, 7.6 ஆயிடுச்சு. பிள்ளைங்கள மண்டபத்துத் தரையில வரிசையா நிக்க வச்சு, கயித்த ஒரு எடத்துல போட்டு, அப்பறம் தள்ளிப் போட்டுக் காட்டுவேன், யாரும் நகரல ஆனா கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கறவங்க மாறிட்டாங்க.

யாரு அந்தக் கணக்குல இல்லங்கறதையும் இதே எடத்துலதான் பேசணும். 2024 ஜனவரி 2ல இருந்து மார்ச் 31 வரைக்கும் பாடு (அரசாங்கத்தோட மத்திய தரவுத்தளம்) பதிவு நடந்துச்சே, எங்க பிள்ளைங்கதான் தாத்தா பாட்டிங்களுக்கு போன்ல தட்டிக் குடுத்தாங்க. ஐசி நம்பர் இல்லாம உள்ளயே போக முடியாது. அப்ப ஐசி இல்லாதவங்க எந்தக் கணக்குல வருவாங்கன்னு ஒரு பொண்ணு மெதுவாக் கேட்டா. பாட்டி வீட்டுக் கதவு எனக்கு மறுபடியும் ஞாபகம் வந்துச்சு.

மறைவான செலவுன்னா இணையம், அப்பறம் மொழி. வெப்சைட் மலாயும் ஆங்கிலமும்தான், ஒவ்வொரு தலைப்புக்கும் தமிழ்ல நீங்க முன்னாடியே சீட்டு எழுதி வைக்கணும், எனக்கு ஒரு கிளாஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. போன் ஸ்கிரீன்ல டேபிளப் பாக்கவும் முடியாது. பிள்ளைங்களுக்கு ஸ்கூல்ல டெலிமா (கல்வி அமைச்சோட ஆன்லைன் படிப்புத் தளம்) அக்கவுண்டு இருக்கும், அதுல கூகுள் ஷீட்ஸ் சும்மாவே வரும், ஒரு பழைய லேப்டாப் ரெண்டு இருந்தாப் போதும்.

## 3. காசு கட்டி கோர்ஸ்: எக்செல், பைதான், ஏஐ

பெத்தவங்களுக்குப் புடிக்கறது இதுதான், சர்டிபிகேட் கிடைக்கும். எங்களுக்கு ஒருத்தர் ரெண்டு நாள் பைதான் (கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதற மொழி), ஆளுக்கு 180 வெள்ளின்னாரு, ஒரு நல்லவரு பாதி கட்டுனாரு, 12 பிள்ளைங்க போனாங்க. டைட்டானிக் கப்பல் பயணிங்க டேட்டா, யாரு பொழைப்பாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்ற மாதிரி செய்யணும். செஞ்சாங்க, சந்தோஷமாதான் இருந்தாங்க. எனக்குத்தான் மனசு ஆறல. 1912ல அந்தக் கப்பல்ல முதல் வகுப்புல போனவங்கள்ல பத்துக்கு ஆறு பேரு பொழச்சாங்க, மூணாம் வகுப்புல நாலுக்கு ஒருத்தருதான். ஏன் அப்படின்னு அந்த ரெண்டு நாள்ல ஒரு தடவை கூட யாரும் கேக்கல, எத்தனை விழுக்காடு சரியாச் சொல்லுதுங்கறதோட முடிஞ்சிருச்சு. நியாயத்தப் பத்திப் பேச அத விட நல்ல டேட்டா வேணுமா?

மறைவான செலவும் இதுலதான் அதிகம். ஈப்போவுக்கு வேன், சாப்பாடு, பாதிக் காசு கூட கட்ட முடியாத அஞ்சு பிள்ளைங்க அடுத்த வாரம் கிளாஸுக்கே வரல. நியாயத்தச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்ச கிளாஸ்ல நானே ஒரு கோடு கிழிச்சு அஞ்சு பேர வெளிய நிறுத்திட்டேன். ரெண்டு பேர வீடு தேடிப் போய் கூட்டிட்டு வந்தேன்.

அதுக்காக கோர்ஸே வேணாம்னு சொல்ல மாட்டேன். படிவம் 4, 5 பிள்ளைங்க, கம்ப்யூட்டர் துறைக்குப் போக ஆசைப்படறவங்களுக்கு இது வேணும். ஏஐ விஷயத்த உள்ள போகாம புரிஞ்சுக்க முடியாது. 2018ல ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ரெண்டு பெண் ஆராய்ச்சியாளருங்க முகத்தப் பாத்து ஆணா பெண்ணான்னு சொல்ற சாப்ட்வேர சோதிச்சாங்க: வெள்ளைத் தோல் ஆம்பளைங்களுக்கு தப்பு 0.8 விழுக்காடு வரைக்கும்தான், கறுத்த தோல் பொம்பளைங்களுக்கு 34.7 வரைக்கும் போச்சு. இத எங்க பொண்ணுங்ககிட்ட சொன்னப்ப மண்டபமே அமைதியாயிடுச்சு. அந்த மாதிரி சோதிக்கற ஆளா ஆகணும்னா பைதான் தெரிஞ்சாத்தான் முடியும். கோர்ஸ்காரருகிட்ட காசு கட்டறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "எங்க பிள்ளைங்க சேத்த டேட்டாவ வச்சு செய்வீங்களா?" முடியும்னா பேசலாம்.

## 4. வாட்சப்புல வர்ற கிராஃப்பப் பிரிச்சுப் படிக்கறது

சுலபமானது, சீக்கிரமா சொல்லிடறேன். வாரம் ஒரு கிராஃப், 20 நிமிஷம். யாரு செஞ்சது, கோடு சைபர்ல ஆரம்பிக்குதா, எத விட்டுட்டாங்க. ஒரு பள்ளியில 96, 91, 88னு பிள்ளைங்க கொறஞ்சா அதுவும் கவலைதான், 150க்குக் கீழ போனாலே "குறைந்த மாணவர் பள்ளி"ன்னு கணக்கு, ஆனா கிராஃப்ப 85ல இருந்து ஆரம்பிச்சா பள்ளிக்கூடமே நாளைக்கு மூடப்போற மாதிரி தெரியும், அதப் பாத்துட்டே நாலு பேரு பிள்ளைய மாத்திடுவாங்க. காசு செலவில்ல, வம்பு கொறைவு. ஆனா இத மட்டும் செஞ்சா பிள்ளைங்க எல்லாமே பொய்யின்னு நெனைக்க ஆரம்பிச்சிடுவாங்க, எங்க கிளாஸ்லயே ரெண்டு பசங்க அப்படி ஆனாங்க. நம்பக்கூடிய கணக்கையும் பக்கத்துல காட்டணும்.

## பக்கத்துல பக்கத்துல வச்சா

| | நாமளே எண்றது | அரசாங்க டேட்டா | காசு கோர்ஸ் | கிராஃப் படிக்கறது |
|---|---|---|---|---|
| கேள்வி யாரோடது | பிள்ளைங்களோடது | இலாகாவோடது, நாம திருப்பிக் கேக்கலாம் | பெரும்பாலும் கோர்ஸ்காரரோடது | அனுப்புனவரோடது |
| செலவு | மணிலா கார்டு, நடை | இணையம், லேப்டாப், உங்க நேரம் | ஆளுக்கு நூத்துக்கணக்குல, போக்குவரத்து | இல்ல |
| வம்பு | ஆள எண்ணுனா ரொம்ப | இல்ல | பிள்ளைங்க மெயில், போன் நம்பர் வெளிய போகும் | கொறைவு |
| மொழி | தமிழ் போதும் | மலாய், ஆங்கிலம் | ஆங்கிலம் | எதுவா இருந்தாலும் சரி |
| நீங்க இல்லாட்டி | பெரிய பிள்ளைங்களே ஓட்டுவாங்க | கஷ்டம் | ரெண்டு நாளோட சரி | ஓடும் |
| எத்தனை மாசத்துல பலன் | 2, 3 | 6க்கு மேல | பெரிய பிள்ளைங்களுக்குப் பின்னால | உடனே, ஆனா ஆழமில்ல |

## யாருக்கு எது

கோயில் இளைஞர் பிரிவு தங்கச்சி, உங்ககிட்ட காசு இல்ல, ஆள் இருக்கு, வயசு கலந்து இருக்கு. ஒண்ணாவது வழிதான். முதல் மாசம் விளக்கோ குப்பை லாரியோ, ஒரே விஷயம், ரெண்டு எடத்த ஒப்பிடற மாதிரி. போறதுக்கு முன்னால அந்த ஆபிசுக்கு போன் போட்டு "புகார் குடுக்கணும்னா என்னென்ன விவரம் வேணும்"னு கேட்டுட்டு அதையே காலமா போடுங்க, நாங்க ரெண்டு தடவை நடந்த மாதிரி நீங்க நடக்க வேணாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அண்ணே, உங்களுக்கு கம்ப்யூட்டர் ரூம் இருக்கு, தலைமையாசிரியர் சம்மதமும் இருக்குன்னீங்க, ஆனா ஆரம்பப்பள்ளி பிள்ளைங்க. அவங்களுக்கு ஓப்பன்டோசம் இப்ப வேணாம்ணே. ஏழு வீட்டுக் கணக்கும் கயிறு வெளையாட்டும் ஆறாம் ஆண்டுக்குத் தாராளமாப் புரியும், வாரம் ஒரு கிராஃப்ப காலை சபையில பேச விடுங்க. கோர்ஸுக்கு ஒதுக்குன காச லேப்டாப் ரிப்பேருக்குப் போடுங்க. இத நான் அழுத்தமாவே சொல்றேன்.

ஈப்போ தம்பிக்கு நிலைமை வேற. எட்டே பேரு, படிவம் 4, ரெண்டு பேருக்கு பைதான் ஆசை, நீயும் அந்த வேலைதான் பாக்கற. ரெண்டாவதையும் மூணாவதையும் சேத்துச் செய்யலாம், காசு வாங்காம நீயே சொல்லிக் குடுத்தா கோர்ஸோட பெரிய குறை போயிடும். குறைந்தபட்ச சம்பளத்துல ஆரம்பி: 2013ல 900, 2022 மே மாசம் 1,500, 2025 பிப்ரவரியில 1,700, அத வச்சு ஒரு கிராஃப், பக்கத்துல நம்ம கடையில அரிசி, கோழி, எண்ணெய் என்ன விலைன்னு பிள்ளைங்களே மாசாமாசம் எழுதற ஒரு ஷீட்டு. அப்பா சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் ஒரு பிள்ளைகிட்டயும் கேக்காத தம்பி. அவங்களா வீட்டுல போய் சம்பளச் சீட்டப் பிரிச்சுப் பாப்பாங்க, எங்க கிளாஸ்ல மூணு பேரு பாத்துட்டு வந்தாங்க, அதுல ஒருத்தன் என்கிட்ட வந்து காதுல, "ஓவர்டைம் கணக்கு ஒத்து வரல டீச்சர், அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?"ன்னான். அன்னிக்கு கிளாஸ் முடிஞ்சு நானும் அவனும் படிக்கட்டுல உக்காந்து நோட்டுல தேதி, மணி, வேலைன்னு மூணு காலம் போட்டோம், அடுத்த மாசம் முழுக்க அப்பா வேலை முடிஞ்சு வந்ததும் அவனே எழுதறதா முடிவு பண்ணோம்.